கலம்காரித் துணியில் எல்லாக் கதைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

துணியில் மூங்கில் பேனாவால் படம் வரையும் காளஹஸ்தி கலம்காரிக் கலை என்றதும் ராமாயணத் திரைச்சீலைதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள கலைஞர்கள் அதே மூங்கில் பேனாவால், கடுக்காயும் பாலும் ஏற்றிய அதே துணியில் இயேசுவின் வாழ்க்கையையும் வரைந்திருக்கிறார்கள். கலம்காரிக்குப் பேர்போன இன்னொரு ஊரான மசூலிப்பட்டினத்திலோ பாரசீகச் சந்தைக்குத் தொழுகை விரிப்புகளே செய்தார்கள். எவ்வளவு பெரிய மனசு இந்தக் கைத்தொழிலுக்கு!

எங்கள் நகரி, புத்தூர் பக்கத்துப் பள்ளிகள் இந்தக் கலைஞர்களை அழைக்க வேண்டும். வெல்லமும் இரும்பும் ஊறிக் கறுப்பு மை ஆவதற்கே பல நாள் பிடிக்கும். அதுவரை பிள்ளைகள் அடுத்த வீட்டுக்காரர் சாமி கதையைக் கேட்டு வரட்டும், அப்புறம் வரையட்டும். உகாதியன்று தேவுனி கடப்பா பெருமாள் கோயிலுக்கு முஸ்லிம்கள் வந்து கும்பிடுகிறார்களே, அதையே முதல் படமாக வைக்கலாம்.

- ஒரு வாசகர், நகரி, ஆந்திரா