கருமருந்து ரிவால்வருக்கு எத்தனை ‘எஃப்’?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மருந்தும் குண்டும் தனித்தனியாக நிரப்பிச் சுடும் பழைய பாணி ரிவால்வர், 1858 ரெமிங்டனின் நகல், 44 காலிபர் வாங்கிவிட்டாய் என்றும், அதற்கு எத்தனை ‘எஃப்’ போட்ட கருமருந்து வாங்குவது என்றும் எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். மருந்து வாங்கக் கிளம்புமுன் ஃப்ரேமை, அதாவது சிலிண்டரைத் தாங்கும் சட்டத்தை, ஒரு தரம் பார்த்துக்கொள். மஞ்சளாக மின்னினால் பித்தளை. அதற்குக் கணக்கே வேறு.

டப்பாவில் உள்ள ‘எஃப்’ தரத்தைச் சொல்வதில்லை, குருணையின் பருமனைத்தான் சொல்கிறது. எஃப் கூடக்கூட மருந்து நைசாகும், வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். ரிவால்வருக்கு 3எஃப் வாங்கு. ஏறக்குறைய 0.3 முதல் 0.84 மில்லிமீட்டர், நம்ம உப்புமா ரவை மாதிரி இருக்கும். 2எஃப் மட்டும்தான் கிடைத்தது என்றாலும் பயமில்லை. வேகம் கொஞ்சம் குறையும், கரி கூடும், அவ்வளவுதான். 4எஃப் பொடியுப்பு மாதிரி நைஸ். அது சக்கிமுக்கித் துப்பாக்கியின் கிண்ணத்தில் இடுவதற்கு, சிலிண்டரின் அறையில் கொட்டுவதற்கல்ல.

புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதே, சிலிண்டர் வெடித்துவிடும். அதிலும் கருப்பு நிறத்தில் உண்டு என்பதால் கண்ணை நம்பாதே. லேபிள் இல்லாத டப்பா யார் கொடுத்தாலும் வேண்டாம்.

எஃகு ஃப்ரேமுக்கு 25-லிருந்து 30 கிரெயின் (30 என்பது சுமார் 2 கிராம்), பித்தளைக்கு 15-லிருந்து 20. கீழிருந்தே தொடங்கு, கைப்புத்தகம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் வரம்பு. பித்தளை பட்டென்று வெடிக்காது. ஒவ்வொரு சூட்டிலும் சிலிண்டர் பின்பக்கத் தட்டில் மோதி மோதித் தடம் பதிக்கும், இடைவெளி அகலும், கடைசியில் துப்பாக்கியே லொடலொடவென்று ஆகிவிடும்.

கருமருந்துக்கு மாற்றாக விற்கும் ட்ரிபிள் செவன் வாங்கினால் 15 சதவீதம் குறைத்துக்கொள். 30 போடும் இடத்தில் 25. அதைக் கன அளவுக் கோப்பையில்தான் அளக்க வேண்டும். எடை குறைந்த மருந்து அது, தராசில் 30 கிரெயின் நிறுத்தால் அளவு எகிறிவிடும். அழுத்தி இடிக்கவும் கூடாது.

குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் அழுத்தம் தாறுமாறாகும். மருந்து குறைவாகப் போட்டு, குண்டை அழுத்தும் நெம்புகோல் எட்டவில்லை என்றால் நடுவில் உப்புமா ரவை நிரப்பு. விளையாட்டில்லை, இங்கே ‘க்ரீம் ஆஃப் வீட்’ என்று விற்பதைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். 0.451 அல்லது 0.454 அங்குலக் குண்டை அழுத்தும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி வர வேண்டும். வராவிட்டால் குண்டு தொளதொளப்பு. பக்கத்து அறைக்கு நெருப்புத் தாவலாம். குண்டின் மேல் கிரீஸ் தடவு. கேப் (நெருப்புப் பொறி தரும் சின்ன உலோகக் குப்பி) அறையின் பின்னாலுள்ள நிப்பிள் என்ற குழாய் முனையில் சிக்கென்று உட்கார வேண்டும். 10-ஆம் நம்பரா 11-ஆ என்பதைப் போட்டுப் பார்த்து முடிவு செய்.

எந்த ஃப்ரேம், கைப்புத்தகத்தில் அதிகபட்சம் எத்தனை கிரெயின் போட்டிருக்கிறது, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்