மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கு

அண்ணே, வணக்கம். டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து கிடப்பவருக்கும் புற்றுநோய் வலியில் துடிப்பவருக்கும் அது வேண்டும்தான், கடையிலேயே வைக்காதீர்கள் என்று நான் கேட்க வரவில்லை. ஆனால் என் தம்பிக்கு எந்த வலியும் இல்லை. வயசு 19. டாக்டர் சீட்டு கேட்காமல் ஒரு கடையில் அவனுக்கு அட்டை அட்டையாகக் கொடுத்தார்கள், அதுவும் 3 மடங்கு விலைக்கு.

அவன் அதை விழுங்கவில்லை. பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொண்டான். சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. மாத்திரையில் மருந்தோடு சேர்க்கிற மாவும் டால்க்கும் சரியாகக் கரையாது, இரத்தத்தோடு போய் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. முழங்கை மடிப்பில் நரம்பு கயிறு மாதிரி இறுகி, பக்கத்தில் சீழ் வைத்திருந்தது. 4 பேர் ஒரே ஊசியைப் போட்டிருக்கிறார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ரிசல்ட் வரும்வரை அம்மா சோற்றைத் தொடவில்லை.

மனசுக்கு நடந்தது இதைவிட மோசம். முதலில் ஒரு மாத்திரையில் கிடைத்த போதை அப்புறம் நாலு போட்டாலும் கிடைக்காமல் போனது, கடைசியில் போதைக்காகக்கூட இல்லை, போடாவிட்டால் எலும்பெல்லாம் முறிக்கும், வேர்த்துக் கொட்டும், வயிற்றால் போகும், தூக்கமே வராது, அந்தப் பயத்துக்காகவே போட்டான். கிரிக்கெட் என்றால் உயிரை விடுகிறவனுக்கு மட்டையைத் தொடக்கூடத் தோன்றவில்லை. அம்மாவின் கம்மலை எடுத்து அடகு வைத்துவிட்டு, அவள் தேடும்போது கூடவே உட்கார்ந்து தேடினான்.

விட்ட பிறகும் ஆபத்து போகாது அண்ணே. சில வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி போட்டால் உடம்பு தாங்காது, தூக்கத்திலேயே மூச்சு மெதுவாகி நின்றுவிடலாம். இன்றைக்கும் ராத்திரியில் எழுந்து அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன்.

நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவான் என்பீர்கள். சரி, அந்தக் கடைக்காரரும் உங்கள் சங்கத்தில்தானே இருக்கிறார்? கூட்டத்தில் எழுந்து இதைப் பேசுங்கள். சீட்டில்லாமல் ஒரு பையன் அந்த மாத்திரையைக் கேட்டு வந்தால் விரட்டிவிடாதீர்கள், போதையிலிருந்து மீள்வதற்கான 14446 என்ற இலவச எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுங்கள். என் தம்பிக்கு அப்படி யாரும் கொடுக்கவில்லை.