செந்தூல் அக்காவுக்கு நன்றி

பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கோலாலம்பூரில் உள்ள செந்தூலின் பெயரைச் சேர்த்து, செந்தூல் அக்கா என்றே எழுதுகிறேன்.

என் மகள் ஐந்தாம் படிவம். தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை. இடைநிலைப்பள்ளியில் எல்லாமே மலாய் என்றானதும் சரித்திரத்தில் தடுமாறினாள். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். என்ற மலேசிய அரசுத் தேர்வில் மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. டியூஷன் கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அக்கா, இலவசமாகச் சொல்லித்தரும் தன்னார்வலர்களைப் பிள்ளைகளோடு சேர்த்துவைக்கிறார். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற ஆள் இல்லை. எந்தப் பாடம் என்று கேட்டதோடு விடாமல், மகளின் தேர்வுத் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். இவளுக்குப் பாடம் தெரிகிறது, கட்டுரைக் கேள்விக்கு மலாயில் விரித்து எழுதத்தான் வரவில்லை என்று கண்டுபிடித்ததே அவர்தான். அதற்கேற்ற ஆளாகத் தேடி, பினாங்கில் படிக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவியைப் பிடித்துத் தந்தார். இரவு 9 மணிக்கு கூகுள் மீட்டில் வகுப்பு.

முதல் வகுப்பில் நானும் கூட உட்கார வேண்டும், பேச்செல்லாம் அக்காவும் நானும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில்தான் என்று நிபந்தனை வேறு. பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அதுவே பாதி நிம்மதி. (காசு வாங்கும் இடங்களில்கூட இவ்வளவு பார்ப்பதில்லை.)

முன்னோட்டத் தேர்வில் சரித்திரத்துக்கு சி வந்திருக்கிறது. ஏ இல்லைதான், ஆனால் வீட்டில் அன்று பாயாசம் வைத்தோம்.

அக்கா, தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவருவேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அப்புறம், கணக்குக்கும் ஓர் ஆள் கேட்டிருந்தேனே!