பாடத்துக்கு எடுக்கும் ஜெராக்ஸ் திருட்டு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நடைபாதையில் விற்கப்படும் கள்ளப் பதிப்புகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழுப் புத்தகத்தையும் அப்படியே அச்சடித்து விற்பது திருட்டுதான். சில நூறு பிரதி போட்டு, அது விற்றால்தான் அடுத்த புத்தகம் என்று இருக்கிற தமிழ்ப் பதிப்பாளரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. ஆனால் பாடத்துக்காக மாணவர்கள் எடுக்கும் ஜெராக்ஸையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். சட்டப்படியே அது சரியில்லை.

வியாசர்பாடியில் கல்லூரி மாணவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். பெரும்பாலோர் தங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். துறைமுகத்தில் லோடு ஏற்றுபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், மீன் விற்பவர் இவர்களின் பிள்ளைகள். சிலபஸின் கடைசியில் பார்வை நூல்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். முக்கால்வாசி வெளிநாட்டு ஆங்கிலப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் தேவைப்படுவது ஓரிரண்டு அத்தியாயம்தான். இந்தியாவில் மலிவுப் பதிப்பு வராத புத்தகம் என்றால் விலை ஆயிரக்கணக்கில் போகும். கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி இருந்தாலே அதிர்ஷ்டம், அதையும் வெளியே தர மாட்டார்கள்.

சரி, ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று போன என் மாணவி ஒருத்தியை, “புக்கெல்லாம் போட மாட்டோம்மா, கேஸ் ஆயிடும்” என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் பகுதியையும் எந்த வடிவத்திலும் நகலெடுக்கக் கூடாது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது, அவர் பயப்படத்தான் செய்வார்.

புத்தகத்தில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது நாட்டின் சட்டத்தை மாற்றிவிடாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த வழக்கும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பல புத்தகங்களிலிருந்து பாடத்துக்கு வேண்டிய பகுதிகளை எடுத்து ஒன்றாகக் கட்டிக் கொடுத்ததுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு, இத்தனை பக்கம்தான் என்று சட்டத்தில் வரம்பு இல்லை, பாடத்துக்கு அது தேவையா என்பதே கேள்வி என்று அந்த டிசம்பரில் சொன்னது. அந்தத் தேவையை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பினாலும் ஜெராக்ஸ் எடுக்கத் தடை கொடுக்கவில்லை. 2017இல் பதிப்பகங்களே வழக்கை விட்டு விலகின. நகல் உரிமைக்கான அமைப்பு ஒன்று கொண்டுபோன மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு ஏற்கவில்லை.

இவ்வளவு நடந்தும் வடசென்னையில் ஒரு பெண் இரண்டு அத்தியாயத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிறாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் இவர்கள் கைடு வாங்குகிறார்கள், சீனியரின் நோட்ஸை மனப்பாடம் செய்கிறார்கள். மூல நூலைத் தொடாமலே பட்டம் வாங்கிவிட்டு, அப்புறம் நேர்முகத் தேர்வில் முழிக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை அதே புத்தகத்தை விலைக்கு வாங்கிப் படித்துவிட்டு அதே தேர்வுக்கு வருகிறான்.

உயர்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். ஒவ்வொரு துறையும் செமஸ்டர் தொடக்கத்திலேயே தேவையான பகுதிகளைத் தொகுத்து, இது பாடத்துக்கானது என்று துறைத் தலைவர் கையெழுத்துடன் மாணவர்களுக்குத் தரட்டும். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எந்தக் கடைக்காரரும் தயங்க மாட்டார். உங்கள் இதழும் 52ஆவது பிரிவைத் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகல் கிடைத்தாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் புரிவதில்லை. பதிப்புரிமைக்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையில், வளரும் நாடுகளுக்காக 1971இல் சில சலுகைகள் சேர்க்கப்பட்டன. அதையொட்டி 1983இல் நம் சட்டமும் திருத்தப்பட்டது. வெளிநாட்டு நூலைக் கற்பித்தலுக்காகவோ ஆய்வுக்காகவோ இந்திய மொழியில் பெயர்க்க, நூல் வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆனதும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், அவருக்கு உரிய தொகையைக் கொடுத்துவிட்டு மொழிபெயர்க்க அதில் வழி இருக்கிறது. தனி ஆளாக இதற்கு அலைய முடியாது, அரசுதான் செய்ய வேண்டும். பாரதியின் எழுத்துகளை 1949இல் தன் வசமாக்கிப் பிறகு மக்களுக்கே கொடுத்தது நம் அரசு. அதன் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகளைப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. கலைக் கல்லூரிகளில் அதிகம் பரிந்துரைக்கப்படும் பாட நூல்களில் பத்தையாவது எடுத்து, இந்த வழியில் தமிழுக்குக் கொண்டுவர அது முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வியாசர்பாடி, சென்னை – 39