செபத்துக்கு 21 நாள் கெடு எதற்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்கள் தெருமுனைச் சுவரில் போன வாரம் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். குடியிலிருந்து விடுதலை, 21 நாள் செபம், அற்புதம் நிச்சயம் என்று. யார் ஒட்டியது என்பது இங்கே முக்கியமில்லை. இதே மாதிரி ஒரு கூட்டத்துக்கு என் தம்பிக்காக நானும் போனவள்தான், 21 நாளும் விடாமல் போனேன், 22-ம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அவன் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றான். அங்கே போய்ச் சொன்னால், "உங்களுக்கு விசுவாசம் பத்தலைம்மா" என்கிறார்கள். அவன் குடித்ததைவிட அந்த வார்த்தைதான் எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

காசிமேட்டுக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியாதா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வலையைச் சரிபார்த்துக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, வட்டிக்கு வாங்கிச் சமாளித்துக்கொண்டு 61 நாளையும் எண்ணுவோம். அது அரசாங்கம் போட்ட தேதி. ஒரு மனுஷன் மனம் திரும்புவதற்கு யார் தேதி போடுவது?

புனித மோனிக்கா, விசுவாசத்தை விட்டு விலகிப்போன, பிற்பாடு பெரிய புனிதரான தன் மகன் அகுஸ்தீனுக்காக ஒரு ஆயரிடம் போய், அவனிடம் பேசுங்கள் என்று அழுதாராம். அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, அவனுக்காகச் செபம் மட்டும் பண்ணு என்று ஆயர் மறுத்துவிட்டார். அப்புறம் மகன் ரோமுக்குக் கப்பலேறப் பார்த்தபோது, போகக் கூடாதென்று வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் துறைக்குப் பக்கத்துக் கோயிலில் ராத்திரி மன்றாடினார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது, பெற்ற அம்மாவிடமே பொய் சொல்லிவிட்டு மகன் ஏறிவிட்டார் (இந்த இடத்தில் எங்கள் பக்கத்து அம்மாக்கள் யாருக்கும் வயிறு எரியும்). ஆனால் அந்த இத்தாலியில்தான், மிலானில், 387-ல் அவர் ஞானஸ்நானம் வாங்கினார். அந்த ராத்திரி அம்மா கேட்டது கிடைத்திருந்தால் மகன் கரையிலேயே நின்றிருப்பார்.

என் தம்பி அகுஸ்தீன் ஆகிவிடுவான் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. செபம் பண்ணுகிறேன், குடியை நிறுத்த வைத்தியத்துக்கும் கூட்டிப்போனேன், இரண்டு தடவை வந்தான், மூன்றாவது தடவை வரவில்லை. சரி, மறுபடி கூப்பிடுவேன்.

போஸ்டர் அடிப்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். கூட்டம் நடத்துங்கள், செபம் பண்ணுங்கள், நாள் கணக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். நடக்கவில்லை என்றால் வீட்டுக்காரர்களின் விசுவாசத்தை எடை போடவும் வேண்டாம். எங்கள் தெருவில் மீன் விற்கிற ஆயா ஒருத்தி என் தம்பிக்காக மூன்று வருஷமாகச் செபமாலை சொல்கிறாள், இதுவரை என்னிடம் ஒரு விளக்கமும் கேட்டதில்லை. சாயங்காலம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "தம்பி சாப்ட்டானா?" என்பாள், ஒரு கை நெத்திலியைப் பேப்பரில் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை.