இரவு எட்டு மணிக்கு மேல் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சளி, காய்ச்சலுக்கெல்லாம் ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு வந்து கூட்டம் போடுகிறார்கள் என்ற சலிப்பை அடிக்கடி கேட்கிறேன். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். அப்படி வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. மில்லில் ஷிப்ட் முடித்து ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண், பிள்ளைக்கு 102 டிகிரி காய்ச்சல் என்றால் வேறு எங்கே போவாள்? அந்த நேரத்தில் ஓ.பி. கிடையாது, தெருமுனை கிளினிக்கும் பூட்டியிருக்கும்.

என் கவலையெல்லாம் உடனே வரவேண்டியவர்கள் தாமதமாக வருவது பற்றித்தான்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று பார்க்க வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் குளுக்கோஸ் ஏற்றிப் படுக்க வைத்தால் அந்த நேரம் போனது போனதுதான். சாயங்காலம் கை மரத்துப்போன ஒரு தறிக்காரர், வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் இரவு முழுக்க இருந்துவிட்டு விடியற்காலை எங்களிடம் வந்தார். “பணமெல்லாம் கட்டிட்டோம் சிஸ்டர், காலைல பாக்கலாம்னுதான் சொன்னாங்க” என்று பில்லை நீட்டினார் அவர் மனைவி. வலது கை அப்புறம் வரவே இல்லை. இப்படி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்பதைத்தான். வீட்டில் இருப்பவர்கள் அந்த நேரத்தை மறக்காமல் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

நெஞ்சுவலிக்குக் கணக்கு வேறு. பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருந்தால் தயங்காமல் போகலாம். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாயுத் தொல்லை என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே பெரிதாகத் தெரியாமல், வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்குவது மட்டும்கூட மாரடைப்பாக இருக்கலாம். பாம்புக்கடிக்கும் விஷமுறிவு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கிறது. கயிறு கட்டாமல், கீறிவிடாமல், கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோனால் போதும்.

இதையெல்லாம் பதற்றத்தில் இருக்கும் குடும்பம் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மூச்சுத்திணறல், வலிப்பு, நிற்காத ரத்தம், நினைவு தப்புதல் என்றால் 108ஐ அழையுங்கள். பைக்கில் இருவருக்கு நடுவே நோயாளியை உட்காரவைத்துக் கொண்டுவர வேண்டாம். போகலாமா, காலைவரை பொறுக்கலாமா என்று சந்தேகம் இருந்தால் 104 இருக்கிறது. மருத்துவ ஆலோசனைக்காகவே உள்ள அந்த எண் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

சரி, அந்த மில் தொழிலாளிக்கு என்ன வழி? 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அரசு திறந்தது. டாக்டரும் செவிலியரும் இருக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் நேரம் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை. காய்ச்சல், வாந்தி, சின்ன வெட்டுக்காயம் எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துவிடலாம், கதவு திறந்திருந்தால். ஊருக்கு ஒரு மையத்தையாவது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து, இரவு 11 மணிவரை நடத்த வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை எனக்கும் தெரியும். அதற்கு வேண்டிய டாக்டரையும் செவிலியரையும் கூடுதலாக நியமித்துத்தான் செய்ய வேண்டும், இருப்பவர்கள் தலையில் கட்டக் கூடாது. அதோடு, இரவில் சி.டி. ஸ்கேன் இயங்கும் அரசு மருத்துவமனை எது என்பதை 108, 104 எண்களுடன் சேர்த்து ஒவ்வொரு கிளினிக், மருந்துக்கடை ஷட்டரிலும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்.