வகுப்பறைக்குள் வராத ஊர்ப் பிரச்சினைகள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினத்தன்று மரக்கன்று நடுவதும் பதாகை ஏந்தி ஊர்வலம் போவதும் எமது பாடசாலைகளில் வழக்கமாகிவிட்டன. அவற்றைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால், ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளையும் பின்னர் விஞ்ஞானத்தையும் குடியியற் கல்வியையும் கற்கும் பிள்ளைக்குத் தன் ஊரின் தகராறு ஒன்றைப் பற்றி வகுப்பில் வாய்திறந்து பேச ஒரு பாடவேளையாவது கிடைக்கிறதா?

திருகோணமலையில் அதற்கான விடயங்களுக்குப் பஞ்சமில்லை. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவின் முருகைக்கற்பாறைகளைச் சுற்றுலாப் பயணிகளின் கால்கள் மிதிக்கின்றன. நகரின் புள்ளிமான்கள் குப்பையில் பொலித்தீனை மேய்கின்றன. (இவற்றில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் ஆசிரியருக்குச் சங்கடமில்லை.) சங்கடம், மீன்கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குவலையில்தான். அதனால் மீன்வளம் அற்றுப்போகிறதென முறையிடும் குடும்பத்துப் பிள்ளையும், அதே தொழிலில் பங்குபெறும் குடும்பத்துப் பிள்ளையும் கரையோரப் பாடசாலைகளில் ஒரே வாங்கில் இருக்கக்கூடும். பேச்செடுத்தால் பெற்றோர் வாசலுக்கு வந்துவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. எனினும், வலைக்கண்ணின் அளவு, பிடிபடும் குஞ்சுமீன்கள், எரிபொருட் செலவு, படகுக் கடன் ஆகியவற்றை மாணவர்களே வீட்டில் விசாரித்து எழுதிவந்து, ஒவ்வொருவரும் தமது தரப்பையன்றி எதிர்த்தரப்பை எடுத்துப் பேசவேண்டுமென விதித்தால், அந்த வகுப்பு சண்டையில் முடியாது என்றே நம்புகிறேன். தீர்ப்புச் சொல்வது ஆசிரியரின் வேலையன்று. கணக்கும் சான்றும் கேட்பதே அவரது வேலை.

உயர்தர மாணவர்கள் மூதூரையடுத்த சம்பூர்க் கிராமத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2006இல் போரினால் இடம்பெயர்ந்த மக்களின் காணி, அங்கே திட்டமிடப்பட்ட அனல்மின் நிலையம், கொட்டியாரக் குடாவின் மீன்பிடி, நாட்டின் மின்சாரத் தேவை ஆகிய நான்கும் அங்கே பின்னிக்கிடந்தன. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. சுற்றாடல் ஒரு பாடம், சமூகம் வேறொரு பாடம் என்று நேரசூசி பிரித்துவைத்திருப்பதை இந்த ஒரு விடயமே பொய்யாக்கிவிடும்.

ஆசிரியரின் துணிச்சலை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. இத்தகைய கலந்துரையாடலைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம் என்றும், முறைப்பாடு வந்தால் அதிபரே பெற்றோரைச் சந்தித்து விளக்கவேண்டும் என்றும் மாவட்டத்தின் வலயக் கல்விப் பணிப்பாளர்கள் எழுத்துமூலம் அறிவிக்கவேண்டும். அடுத்த தவணை தொடங்குமுன் அவ்வறிவித்தல் பாடசாலைகளுக்குக் கிடைத்தால் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை.